ரிப்போர்ட்டில் ‘இயல்பு’ என்று வரும்போது

‘புரதக் குறைபாடு இருக்கிறதா?’ என்று எழுதிய சீட்டோடு குழந்தைகள் வார்டிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு அடிக்கடி ரத்தம் வரும். பெரும்பாலும் அல்புமின் என்ற ரத்தப் புரதத்தைத்தான் பார்க்கச் சொல்வார்கள். ஆனால் ரத்தத்தில் இருக்கும் அல்புமின் பாதியாகவே சுமார் 20 நாட்கள் பிடிக்கும். நடுவில் நிமோனியாவோ வேறு கிருமித் தொற்றோ வந்தால், சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாமலே அது இறங்கிவிடும். புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களையே அளந்துவிட்டால் என்ன என்று தோன்றுவது இயற்கை.

அப்படி யோசித்தவர்களில் ஒருவர் ஊட்டச்சத்து ஆய்வாளர் வைட்ஹெட். 1960-களில் உகாண்டாவின் கம்பாலாவில், குழந்தையின் விரல் நுனி ரத்தத்தைக் கொண்டே செய்யக்கூடிய ஒரு சோதனையை அவர் வகுத்தார். கிளைசின், செரின், குளுட்டமின், டாரின் நான்கையும் கூட்டி, லூசின், ஐசோலூசின், வாலின், மெத்தியோனின் நான்கின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பின்னவை உணவிலிருந்தே வந்தாக வேண்டியவை. விகிதம் 2-க்குக் கீழே இருந்தால் நல்லது, 3.5-ஐத் தாண்டினால் குவாஷியோர்கர், அதாவது உடம்பு வீங்கும் ஊட்டச்சத்துக் குறைபாடு. உடம்பு வீங்குவதற்கு முன்பே பிடித்துவிடலாம் என்பதுதான் அதன் நோக்கம்.

இந்த அமினோ அமிலங்களைத் தாளில் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் முறையைப் பயிற்சிக் காலத்தில் செய்து பழகியிருக்கிறேன். நின்ஹைட்ரின் என்ற நிறங்காட்டும் வேதிப்பொருளைத் தெளித்துச் சூடேற்றினால், வெறும் தாளில் ஊதாப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழும்பும். புரோலின் மட்டும் மஞ்சளாக வரும். கையுறை போடாமல் ஓரத்தைத் தொட்டிருந்தால் விரல் ரேகையும் ஊதாவாகப் பதிந்து நிற்கும். வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டு.

கருவி எவ்வளவு நுட்பமானாலும் ஒரு சிக்கல் தீராது. சில ஆண்டுகளுக்கு முன் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றின் மாதிரி வந்தது. பிறவி வளர்சிதைக் கோளாறு ஏதாவது உண்டா என்று பார்ப்பதற்காக அனுப்பியிருந்தார்கள். எல்லா அமினோ அமிலங்களும் வரம்புக்குள் இருந்தன. “அப்படியானால் புரதமும் போதுமான அளவு இருக்கிறது, இல்லையா சார்?” என்று போனில் கேட்டார் பயிற்சி மருத்துவர். மனம் ஒப்பாமல் வார்டுக்கே போனேன். பாட்டியின் மடியில் கிடந்தான். தொடையிலும் பிட்டத்திலும் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. மேற்கையில் சுற்றிய நாடா 11.5 செ.மீ.க்குக் கீழே, கடும் ஊட்டச்சத்துக் குறைவைக் காட்டும் சிவப்பில் நின்றது. பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழவில்லை, அதாவது வீக்கம் இல்லை. “கஞ்சித் தண்ணீர்தான் இறங்குகிறது ஐயா” என்றார் பாட்டி.

இது மராஸ்மஸ், வீக்கமில்லாமல் உடல் வற்றிப்போகும் ஊட்டச்சத்துக் குறைபாடு. வீட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக விற்று அடுப்பெரிக்கும் குடும்பம்போல, உடல் தன் தசையைக் கரைத்து ரத்தத்துக்கு அமினோ அமிலத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ரத்தத்தில் குறை தெரியவில்லை. குவாஷியோர்கர், மராஸ்மஸ் இரண்டு வகைக் குழந்தைகளும் சாப்பிட்ட உணவில் பெரிய வேறுபாடு இல்லை. பட்டினிக்கு உடல் எப்படித் தன்னைப் பழக்கிக்கொள்கிறது என்பதில்தான் வேறுபாடு என்று 1960-களிலேயே எடுத்துச் சொன்னவர், சேலத்தில் பிறந்து ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை வழிநடத்திய டாக்டர் சி. கோபாலன். அந்த வார்டில் நின்றபோதுதான் அவர் சொன்னதன் கனம் எனக்கு உறைத்தது.

அமினோ அமில அளவுகளால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். மலாவியில் 313 குழந்தைகளிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் ரத்தத்தில் அத்தியாவசிய அமினோ அமிலங்கள் ஒன்பதும் குறைவாக இருந்தன. ஓர் ஊரின் உணவைப் பற்றிப் பேச அது வலுவான சான்று. தனி ஒரு குழந்தைக்குத் தீர்ப்பு எழுத அது போதாது என்பதே என் உறுதியான கருத்து. சாப்பிட்டவுடன் எடுத்த ரத்தத்தில் கணக்கே மாறிவிடும். வெறும் வயிற்றில் எடுக்கலாம் என்றால், இப்படி மெலிந்த குழந்தையை நெடுநேரம் பட்டினி போட முடியாது. சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுத்தே ஆக வேண்டும்.

கடைசியாக எப்போது பால் குடித்தது, காலில் வீக்கம் உண்டா, மேற்கைச் சுற்றளவு எவ்வளவு என்ற மூன்றையும் சீட்டில் எழுதி அனுப்பும்படி வார்டில் சொல்லிவைத்திருக்கிறேன். எழுதாமல் வந்தால் போன் செய்து கேட்கிறேன். அவசர நேரத்தில் அவர்களுக்குச் சலிப்பு வருவது புரிகிறது. ஆனாலும் கேட்காமல் எண்ணை மட்டும் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.