ஜாக்கியில் ஏற்றினால் மறையும் சத்தங்கள்

பழைய வேனை ஒர்க்‌ஷாப்புக்குள் கொண்டுவந்து நிறுத்துபவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "அண்ணே, முன்னாடி லெஃப்ட்ல டொக்கு டொக்குன்னு அடிக்குது. ஷாக் போயிடுச்சு போல." இதில் அந்த டொக்கை மட்டும் நம்பி வேலையைத் தொடங்குவேன். முன்பக்கமா, இடதா, ஷாக் அப்சார்பரா என்பதெல்லாம் பிறகு. வேனின் தரையும் பக்கத் தகடும் சத்தத்தை எங்கிருந்து எங்கு வேண்டுமானாலும் கடத்திவிடும். அதனால் எங்கே கேட்கிறது என்று நான் அதிகம் துருவுவதில்லை. எப்போது கேட்கிறது என்பதைத்தான் கேட்பேன்.

மெதுவாகப் போகையில் சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் லொடலொடவென்றால் வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரை சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடு மேல் சந்தேகம் வரும். பிரேக் போட்டதும் ஒரே ஒரு டொக் என்றால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ், அதாவது மூட்டில் இருக்கும் ரப்பர் உறை. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டங்கென்று வந்தால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பேரிங். குண்டும் குழியுமான இடத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டபடி ஓட்டிப் பார்த்து, சத்தம் நின்றுவிட்டால் சஸ்பென்ஷனை விட்டுவிட்டு பிரேக் பேடைப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் ஸ்டெப்னி, சீட்டுக்கடியில் கிடக்கும் ஜாக்கி, பேட்டரி கிளாம்ப், சைலன்சரைத் தாங்கும் ரப்பர் எல்லாவற்றையும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிடுவது நல்லது. சிரிக்காதீர்கள், உருளும் ஸ்பேனருக்காக ஷாக் மாற்றப்பட்ட வண்டிகள் உண்டு.

அடுத்து எல்லோரும் செய்வது, வண்டியை ஜாக்கியில் ஏற்றி சக்கரத்தைப் பிடித்து ஆட்டுவது. தேவையான சோதனைதான். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங், ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட் இவற்றின் ஆட்டம் தெரியும். பக்கவாட்டில் ஆட்டினால் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கம்பியின் முனையான டை ராடு எண்ட். ஆனால் டொக் சத்தத்தில் பாதி இங்கேதான் நம்மை ஏமாற்றும். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கியதும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடின் முனை ஜாயின்ட்டில் இருக்கும் பந்தை ஒருபுறமாக அழுத்திப் பிடித்துவிடும். தேய்ந்த ஜாயின்ட்டும் அப்போது புதுசு மாதிரி விறைப்பாக நிற்கும். அதைப் பிடிக்க நாலு சக்கரமும் தரையில் இருக்க, கீழே பள்ளத்தில் நின்றபடி, ஒருவரை வண்டியை ஆட்டச் சொல்லி ஜாயின்ட்டைச் சுற்றி விரல்களை வைக்க வேண்டும். காதுக்கு எட்டாத சின்னத் தட்டல்கூட விரலுக்குத் தெரிந்துவிடும். ஸ்ட்ரட் பேரிங்குக்கும் இதே வழிதான்: ஸ்டியரிங் திரும்புகையில் காயில் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால், அது முறுக்கேறி, தாங்க முடியாமல் சட்டென்று விடுபடும் அதிர்வு கையில் ஏறும். சுற்றுகளுக்கு நடுவே மட்டும் விரலை விடக் கூடாது.

பின்சக்கரத்தில் ஓடும் பழைய வேன் ஒன்று. டிரைவர் சீட்டுக்கடியில் டொக். முன்பக்க பார்ட்ஸ் எல்லாம் ஏற்கெனவே வேறெங்கோ மாற்றியாகிவிட்டது, சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. வண்டி கிளம்பும்போதும் வரும், நிற்கும்போதும் வரும். எஞ்சின் இழுவையைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டான கிராஸாக இருக்குமோ என்று கிளட்சை முழுதாக மிதித்துக்கொண்டு பிரேக் போட்டுப் பார்த்தோம். அப்போதும் டொக். எஞ்சின் இழுவையே இல்லாமல் அடிக்கிறது என்றால் ஆக்சிலே முன்னும் பின்னும் நகர்கிறது. கீழே போனால், இரும்புப் பட்டைகளை அடுக்கிய பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் முன்கண்ணை, அதாவது போல்ட் நுழையும் முன்முனை வளையத்தைச் சுற்றி செங்கல்பொடி நிறத்தில் துரு கசிந்திருந்தது; காய்ந்த சேற்றுக்கு நடுவே போல்ட்டின் ஓரம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. லீவர் வைத்து நெம்பியதும் மெயின் பட்டை முழுதாக நகர்ந்தது. புஷ்ஷில் ரப்பர் என்று ஒன்று மிச்சமில்லை. அந்தக் கண் இருந்தது சீட்டுக்குக் கொஞ்சம் பின்னால்தான். டிரைவர் காதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கீச்சொலிக்கு வேறு வைத்தியம். மழை நாளில் அடங்கி, வெயிலில் திரும்பி வந்தால் அது ரப்பராகவோ பட்டைகளுக்கு இடையிலான உரசலாகவோ இருக்கும். ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் அடித்து வண்டியை ஆட்டிப் பார்த்தால் எது வாயை மூடுகிறதோ அதுதான் ஆள். கண்ட எண்ணெயையும் அதில் ஊற்றாதீர்கள். இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறி உப்பிக் கெட்டுப்போகும். சிலிகான் கிரீஸ் என்றால் பயமில்லை, ஆனால் விரிசல் விட்ட புஷ்ஷுக்கு எந்தக் கிரீஸும் சில நாள் மௌனம்தான்.

மாற்றும்போது இன்னொன்று. லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி தொங்கும்போதே முழுதாக இறுக்கினால், சக்கரம் தரையைத் தொட்டதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் மாட்டிக்கொள்ளும், சீக்கிரமே கிழியும். போல்ட்டைத் தளர்வாகப் போட்டு, பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. லீஃப் ஸ்பிரிங் கண் புஷ் ரப்பராக இருந்தால் அதற்கும் இதேதான். பட்டைகளை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டைக் கழற்றி மாட்டியிருந்தால் கொஞ்ச தூரம் ஓடியபின் திரும்ப இறுக்க வேண்டும், பட்டைகள் படிந்து போல்ட் தளரும். ஆர்மோ டை ராடு எண்டோ மாற்றினால் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட்டும் வேண்டும்.

பெரிய டொக் போனதும், அதுவரை அதன் கீழே ஒளிந்திருந்த சின்னச் சத்தங்கள் தலைகாட்டும். ஸ்லைடிங் கதவின் ரோலர், டாஷ்போர்டு, எல்லாம். அதே ஆள் மறுவாரம் வந்து, "அண்ணே, புதுசா ஒண்ணு கேக்குது" என்பார். கதவு ரோலர் என்றால் அவசரமில்லை, ஷாக்கில் புஷ் கீச்சிட்டாலும் அடுத்த சர்வீஸ் வரை ஓட்டலாம் என்று சொல்லி அனுப்புவேன். பால் ஜாயின்ட்டில் ஆட்டமோ மெயின் பட்டையில் விரிசலோ தெரிந்தால் மட்டும் சாவியை நானே வைத்துக்கொள்வேன்.