பசலி 1435: குத்தகைச் சாகுபடி நாட்குறிப்பு

ஜூலை 1

இன்று பசலி 1435 பிறந்தது; ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய்த்துறை ஆண்டுதான் பசலி, இது 2025-26. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர்கள் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். போன பசலி அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்ற ஊர்க் கணக்கு) நகலை வாங்கி, உங்கள் புல எண்ணுக்கு (சர்வே எண்) நேரே சாகுபடி செய்பவர் என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா காலத்திலிருந்து உழுகிற நிலத்திலும் பல ஊர்களில் சொந்தக்காரர் பெயர்தான் இருக்கிறது. கடன், காப்பீடு, கொள்முதல், நிவாரணம் எல்லாமே அந்தப் பெயரைப் பார்த்துத்தான் நகரும்.

ஜூலை 14

நிலச் சீர்திருத்தம் என்றாலே உச்சவரம்புதான், அதாவது ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற எல்லைதான், எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 1961 சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துப் போடும் அளவு) என்றது. 1970இல் அதை 15 ஆக்கினார்கள். தீர்வை (நிலவரி) அதிகமுள்ள நன்செயில் ஏறக்குறைய ஒரு ஏக்கருக்கு ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர்; புன்செயில் பல ஏக்கர் சேர்ந்தால்தான் ஒன்று. பெண்களின் சீதன நிலத்துக்குத் தனியே 10 வரை இடம் உண்டு. கோயில், மடம் போன்ற பொதுச் சமய அறக்கட்டளைகளுக்கு விலக்கு. பாகப்பிரிவினை, பினாமி என்று உச்சவரம்பிலிருந்து தப்பிக்க மற்ற வழிகளும் இருந்தன. அதனால் உபரி என்று வந்தது குறைவு. அது போய்ச் சேர்ந்த வீடுகளும் குறைவு. மீதிப் பேருக்குச் சோறு போட வேண்டியது குத்தகைச் சட்டங்கள்தான். அவற்றை எழுதி வைத்துவிட்டு ஊருக்குள் கொண்டுவராமல் விட்டது பெரிய அநியாயம்.

ஆகஸ்ட் 5

குத்தகைப் பதிவுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மனு தாசில்தார் நிலையிலுள்ள பதிவு அலுவலரிடம் போகும். புல எண், உட்பிரிவு, பரப்பு, எந்தப் பசலியிலிருந்து சாகுபடி, குத்தகை எவ்வளவு, யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதெல்லாம் மனுவில் இருக்க வேண்டும். உட்பிரிவை விட்டுவிட்டு 'புல எண் 112' என்று மட்டும் எழுதினால், 112/3 யாருடையது என்பதிலேயே மனு நின்றுவிடும்.

விசாரணையில் சொந்தக்காரர் தரப்பு பெரும்பாலும் சொல்வது: "அவர் எங்களிடம் கூலிக்கு வேலை பார்த்தவர்." அப்போது வாய்மொழி நிற்காது. குத்தகை ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன் பாஸ்புக், காப்பீட்டு ரசீது, உரம் வாங்கிய பில், பக்கத்து வயல்காரர் சாட்சி இவை வேண்டும். ஒரு வருடக் காகிதம் போதாது. தொடர்ச்சியாக இருந்தால்தான் பேசும். மனு தள்ளுபடி ஆனால் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மேல்முறையீடு. உத்தரவு நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள், கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகஸ்ட் 21

ரசீது பற்றிப் பலர் கேட்கிறார்கள். தேதி, பசலி, போகம், புல எண், கிலோ அல்லது ரூபாய், வாங்கியவர் கையெழுத்து. இந்த ஆறும் இருந்தால் போதும், துண்டுக் காகிதமானாலும் சரி. 'நெல் வரவு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது குத்தகையா, கடனுக்குக் கொடுத்ததா என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

அக்டோபர் 30

சம்பா, தாளடி நெல் பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15. குத்தகைக்காரரும் சேரலாம், விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5%. வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) தரும் அடங்கல், ஆதார், வங்கி பாஸ்புக் தயாராக இருக்கட்டும். கடைசி இரண்டு நாள் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது. ஒரே புல எண்ணைச் சொந்தக்காரரும் குத்தகைக்காரரும் தனித்தனியாகப் பதிந்துவிட்டால் இழப்பீடு சிக்கிக்கொள்ளும். முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

டிசம்பர் 9

மழை நின்று வயலில் தண்ணீர் கிடந்தால் படம் எடுத்து வையுங்கள். 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று கணக்கெடுப்பில் வந்தால்தான் நிவாரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். ஏக்கருக்கு ஏறத்தாழ 6,900. கணக்கெடுக்க வருகிறவரிடம் 'சாகுபடி என் பெயரில்' என்று அந்த இடத்திலேயே சொல்லி எழுத வையுங்கள். விதையும் நடவுக் கூலியும் போட்டவர் ஒருவர், பணம் வாங்குகிறவர் இன்னொருவர் என்று ஆவதைப் பார்க்கவே முடியவில்லை.

ஜனவரி 28

அறுவடை தொடங்கிவிட்டது, குத்தகைக் கணக்கைப் போட்டுவிடுவோம். 1956இல் வந்த நியாயக் குத்தகைச் சட்டம் முதலில் நன்செய்க்கு விளைச்சலில் 40% என்றது; பிறகு அது 25% ஆனது. ஏக்கருக்கு 2,400 கிலோ கண்டது என்று வையுங்கள். 40 கிலோ மூட்டையில் 60 மூட்டை. கால் பங்கு 15 மூட்டை, 600 கிலோ. 2025-26 பருவத்தின் சன்ன ரகக் கொள்முதல் விலையான குவிண்டால் 2,545 ரூபாயில் 15,270 ரூபாய். வாய்ப்பேச்சில் 900 கிலோ என்று ஒப்புக்கொண்டவர் கொடுப்பது 22,905. கூடுதலாகப் போகிற 7,635 ரூபாயில் ஒரு ஏக்கர் நடவே முடிந்துவிடும். வெள்ளத்தில் மகசூல் பாதியானாலும் பேசிய 900 கிலோவை அளக்கச் சொல்வார்கள், அதுதான் வட்டிக்கடைக்கு அனுப்புகிறது.

பிப்ரவரி 11

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். களத்தில் இரண்டு வெயில் காயவைத்து, பதரைத் தூற்றிவிட்டுக் கொண்டுபோங்கள். அதைவிட முக்கியம், பதிவில் யாருடைய வங்கிக் கணக்கு இருக்கிறது என்பது. சொந்தக்காரர் பெயரிலுள்ள சிட்டாவோடு (நில உரிமை விவரச் சான்று) அவர் கணக்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் நெல் பணம் அங்கே போய்விடும். வி.ஏ.ஓ. சான்றில் குத்தகைச் சாகுபடி என்று எழுதி வாங்கி உங்கள் கணக்கைக் கொடுங்கள்.

மார்ச் 6

சொந்தக்காரர் குத்தகையை வாங்க மறுக்கிறார் என்றால் உஷாராகுங்கள். பாக்கி என்று காட்டி வெளியேற்ற மனுப் போடுவதற்கான முன்வேலை அது. 1955ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி தொகையை, நெல்லானால் அதன் சந்தை விலையை, வருவாய் நீதிமன்றத்தில் சொந்தக்காரர் கணக்கில் கட்டலாம். குத்தகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டிவிடுங்கள்.

வெளியேற்ற வேறு காரணங்களும் உண்டு: நிலத்தைப் பாழாக்குவது, சாகுபடியை அடியோடு விடுவது, வேளாண்மை அல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது, சொந்தக்காரரின் உரிமையையே மறுப்பது. செங்கல் சூளைக்கு மண் எடுக்கவிட்டால் முதலுக்கே மோசம்.

மே 19

ஜமாபந்தி (ஆண்டுதோறும் நடக்கும் ஊர் வருவாய்க் கணக்குத் தணிக்கை) வரப்போகிறது. குத்தகைக்காரர் இறந்துபோன வீடுகள் இப்போதே மனு எழுதுங்கள். வாரிசு தன் உடலுழைப்பையோ குடும்பத்தாரின் உழைப்பையோ நிலத்தில் போட்டால் உரிமை தொடரும். பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டாலும் வயலில் நிற்கிற மனைவி பெயரில் கேட்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய ரசீதுகள், அடங்கல் நகல். எல்லாவற்றிலும் இரண்டு படி. மனுவைக் கொடுத்ததும் எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் அலுவலகத்தை விட்டு நகராதீர்கள்.