மூன்று வாரம் மாத்திரை, ஒரு வாரம் தடைக்காலம்

கருவாட்டு மூட்டை தூக்கியதால் வந்த இடுப்பு வலி என்று நான்கு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாம்பனில் எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு இடுப்பு வலி உண்டு. யாருக்குச் சந்தேகம் வரும்? 2018-இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, ஹார்மோனைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கிவிட்டு, அது முடிந்த கதை என்றே நினைத்திருந்தேன். மதுரையில் ஸ்கேன் எடுத்தபோது புற்றுநோய் இடுப்பெலும்பில் தெரிந்தது.

எலும்பிலிருந்து துணுக்கு எடுத்து மறுபடி சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். பழைய ரிப்போர்ட்தான் இருக்கிறதே என்று எனக்கு எரிச்சல். இத்தனை வருடத்தில் கட்டியின் குணம் மாறியிருக்கலாமாம். மாறவில்லை: ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளர்வது; ஹெர்-2 நெகட்டிவ், அதாவது ஹெர்-2 என்ற புரதம் மிகுதியாக இல்லாதது. அதனால் கீமோ இல்லாமல் மாத்திரையில் தொடங்கலாம் என்றார். பால்போசிக்ளிப் 125 மில்லிகிராம், 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். கூடவே ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம். 2023 ஜனவரியில் பால்போசிக்ளிப்பின் காப்புரிமை முடிந்து, உள்நாட்டுக் கம்பெனிகளின் மருந்து வந்திருந்தது. முந்தைய விலையாக இருந்தால் படகைத்தான் விற்றிருப்போம்.

2024 மார்ச் 25 அன்று மதியச் சோற்றுக்குப் பிறகு முதல் மாத்திரை. ஏப்ரல் 15-இல் ஓய்வு வாரம் வந்தது. விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை தொடங்கியதும் அன்றுதான். நான் இரண்டு மாத்திரைகளையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். நான்காம் நாள் வேறு ஏதோ கேட்கப் போன் செய்தபோது, "லெட்ரோசோலை நிறுத்தச் சொல்லவில்லையே அம்மா, அது தினமும் உண்டு" என்றார் நர்ஸ். சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. வீட்டுக்காரர் சிரித்தார்: "தடைக்காலத்தில் விசைப்படகுதான் கரையில் நிற்கும். நாட்டுப்படகு போகத்தானே செய்யும்?" அதற்குப் பிறகு எனக்குக் குழப்பமே வந்ததில்லை.

அடுத்த சுற்றுக்கு முன் ராமநாதபுரத்தில் ரத்தம் கொடுத்தேன். கிருமியோடு போராடும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 780. ஆயிரத்துக்குக் கீழே என்றால் புதுச் சுற்று கிடையாது. ஒரு வாரம் பொறுத்து மறுபடி ரத்தப் பரிசோதனை. 1,150 வந்ததும் தொடங்கினேன். அதற்கடுத்த சுற்றிலும் அதே இறக்கம். பால்போசிக்ளிப் அளவை 100 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். மருந்து குறைந்தால் நாளும் குறையும் என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். இதைத்தான் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்: புற்றுசெல் பெருகத் தேவையான புரதங்களை இந்த மருந்து முடக்குகிறது, எலும்பு மஜ்ஜைக்கும் அதே புரதம் வேண்டும். ஆகவே வெள்ளணு இறங்குவது எதிர்பார்த்ததுதான். மஜ்ஜை செல்களைக் கீமோவைப் போல அழிக்காமல் நிறுத்திவைப்பதால் சீக்கிரம் ஏறிவிடுகிறது. அளவைக் குறைப்பது தோல்வி இல்லை.

நாத்தனார் பப்பாளி இலைச் சாறோடு வந்தார். டாக்டரைக் கேட்காமல் எதையும் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் பேசவில்லை. காய்ச்சல் என்றாலும் கசாயம் வைத்துப் பார்க்கும் வழக்கம் போய்விட்டது. 100.4 டிகிரி காட்டினால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான்.

2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்த பிறகு மதுரைக்கு ரயிலில் போகிறேன். கடைசி ஸ்கேனில் எலும்பில் இருந்தது பெரிதாகவில்லை. திங்கட்கிழமை மறுபடி ஓய்வு வாரம். லெட்ரோசோல் அட்டை மட்டும் அடுப்படி ஜன்னலில் இருக்கும்.