இடது பின்கதவு

முழு பெயிண்டிங்குக்கு ஒரு கார் வந்தால், ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலைதான் அதிகம். பம்பர், விளக்குகள், கைப்பிடிகள், கண்ணாடி ஓரத்து ரப்பர் எல்லாம் கழன்று வரவேண்டும். கதவின் உட்பக்கத்து டோர் பேடை எடுக்க வேண்டும். சில வண்டிகளுக்கு சீட்டும் வெளியே வந்துவிடும். அப்படிக் கழற்றிப் போட்ட வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், அந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு முட்டிவலி, குழந்தை எந்தப் பக்கம் உட்காரும் என்பதெல்லாம் ஓரளவு தெரிந்துவிடும். வடசென்னையில் தண்டையார்பேட்டையில் ஒரு டிங்கரிங், பெயிண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். மனிதர்களுக்குக் காரில் அப்படி என்னதான் பிடித்திருக்கிறது என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது, இந்தத் தேய்ந்த இடங்களிலிருந்துதான்.

வாங்கும்போது சொல்கிற காரணங்கள் வேறு. மைலேஜ், பிக்கப், விற்றால் என்ன விலைக்குப் போகும் என்பதெல்லாம் ஷோரூம் பேச்சு. "கார் வாங்குறதே பந்தாவுக்குத்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பந்தாவுக்கு வாங்கிய வண்டியும் வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆசை சீக்கிரம் அடங்கிவிடுகிற ஆசை. பெயிண்ட் வெளுத்து, வீல் ஆர்ச்சில் துரு ஏறி, விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும், "இன்னும் கொஞ்ச நாள் வச்சிக்கலாம்னு இருக்கோம்" என்று கொண்டுவருகிறார்களே, அவர்களைப் பிடித்து வைத்திருப்பது பந்தா இல்லை.

தேய்மானத்தைச் சொல்கிறேன். நம் ஊரில் வண்டி இடது ஓரமாக நிற்கும். பின்சீட்டில் வருகிறவர்கள் நடைபாதைப் பக்கம் இறங்குவார்கள். அதனால் இடது பின்கதவின் கீழ்ப்படியில்தான் செருப்புக் கீறல் அதிகம் இருக்கும். வலது பின்கதவு பல வண்டிகளில் புதிது போலவே இருக்கும். வலதும் தேய்ந்திருந்தால் பின்னால் எப்போதும் மூன்று பேர் உட்காருகிற வீடு. கைப்பிடிக்குப் பின்னால் விரல் நுழைகிற குழிவில் மோதிரமும் வளையலும், நிறத்துக்கு மேல் அடிக்கிற பளபளப்புப் பூச்சான கிளியர் கோட்டில் வட்ட வட்டமாகக் கோடு போட்டிருக்கும். பின்சீட்டுத் தூணில் தேங்காய் எண்ணெய் ஊறிய கறை இருந்தால், யாரோ அங்கே சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டு வண்டி என்றால் டிக்கியைத் திறந்ததுமே தெரியும். ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகிய உப்புத்தண்ணீர் தரைத் தகட்டைத் தின்றிருக்கும், பானெட்டின் மேல் பூனை நகக்கீறல் இருக்கும். என்ஜின் சூட்டுக்குப் பூனைகள் பானெட்டில் ஏறிப் படுப்பது அந்தப் பக்கத்தில் சகஜம்.

எங்கள் பட்டறையில் எல்லாருக்கும் மூத்தவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு உப்புத்தாள் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு வண்டி உள்ளே வந்தால் அவர் முதலில் பெயிண்டைப் பார்க்கமாட்டார். இடது பின்கதவைத் திறந்து, கீழிருந்து இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார். கீல் ஆடினால், "வீட்ல பெரியவங்க இருக்காங்களா?" என்று கேட்பார். பெரும்பாலும் இருப்பார்கள். முட்டிவலிக்காரர்கள் இறங்கும்போது உடம்பின் பாரத்தைக் கதவின் மேல் போட்டுத்தான் எழுந்திருப்பார்கள். நாளாக நாளாகக் கீல் தளர்ந்து கதவு கொஞ்சம் தொங்கிவிடும். லாக் சரியாகப் பொருந்தாது. ஓங்கிச் சாத்தினால்தான் மூடும்.

ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில், பெட்டியின் கூடு செய்கிற ஷெல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தன் மாருதி 800-ஐ இந்தக் கதவுக்காகவே திரும்பத் திரும்பக் கொண்டுவருவார். ரயில் பெட்டியின் தகட்டோடு வாழ்ந்த மனிதர் என்பதால் அவரிடம் சாக்கு எதுவும் சொல்ல முடியாது. நாங்கள் பட்டி போட்டு இழைத்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும். எங்களுக்கும் தொழிலில் சொல்லித் தருவது அதைத்தான். கதவைத் தூக்கிக் கட்டிக்கொடுப்போம், சில மாதங்களில் மறுபடி தொங்கும். அவர் மனைவிக்கு அந்தக் கதவைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. கடைசியில் பாய்தான் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையிலிருந்து ஒரு கைப்பிடி வாங்கிவந்து, உள்ளே கூரை ஓரத்துத் தகட்டில் துளை போட்டுப் பொருத்திக்கொடுத்தார். பெரியவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை வண்டியைப் புதிதாக வாங்கிய நாளில்கூடப் பார்த்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். வேறு வண்டி வாங்க அவரிடம் பணம் இல்லாமல் இல்லை. "இதுல அவ பயமில்லாம ஏறி எறங்குறா" என்றார். அவ்வளவுதான் அவருக்குக் கணக்கு.

பின்கதவு என்றதும் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டு என்ற காரைத் தயாரித்தது. இங்கிலாந்தில் அது டிரையம்ப் ஹெரால்டு. அங்கே அந்தக் காருக்கு இரண்டே கதவுதான். முன்சீட்டை மடக்கித்தான் பின்னால் போக வேண்டும். இங்கே 1960-களின் கடைசியில் அதற்கு நான்கு கதவு வைத்தார்கள். வேட்டியும் புடவையுமாகப் பின்சீட்டில் போகிற நம் குடும்பங்களுக்கு அதுதானே சரிப்படும்? வெளிநாட்டுக் காரில் நம் ஆட்கள் இந்த மாற்றத்தைச் செய்தது ஓட்டுகிறவனுக்காக இல்லை, பின்னால் உட்காருகிறவர்களுக்காக என்று நினைக்கும்போது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அப்புறம் கதவுச் சத்தம். விபத்தில் கதவு நசுங்கி வந்த வண்டியைச் சரிசெய்து கொடுக்கும்போது, கலர் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பவர்களைவிடக் கதவைச் சாத்திப் பார்க்கிறவர்கள் அதிகம். சாத்தியதும் முகம் மாறும். "பழைய சவுண்டு இல்லையே தம்பி." அவர்கள் சொல்வது உண்மைதான். கதவின் வெளித்தகடு மெல்லியது. அதன் உட்புறத்தில் கம்பெனியிலேயே தார் கலந்த ஒரு கறுப்பு ஷீட் ஒட்டியிருப்பார்கள். தகட்டின் அதிர்வை அது அடக்கிவிடும். அதனால்தான் சாத்தும்போது கனமாக 'டப்' என்று கேட்கிறது. நசுங்கிய தகட்டைச் சூடுகாட்டித் தட்டி எடுக்கும்போது அந்த ஷீட் கருகிவிடும், இல்லையென்றால் பெயர்ந்துவிடும். புதிது ஒட்டாமல் டோர் பேடை மாட்டிவிட்டால் தகர டப்பாவைத் தட்டினாற்போலக் கேட்கும். வெளியே பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் வண்டிக்காரருக்குத் தெரியும். அந்தச் சத்தம் கேட்டால்தான் உள்ளே வந்து சேர்ந்துவிட்டோம் என்று அவர் மனசுக்குப் படுகிறது. கதவு சாத்தியதும் எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரி இரைச்சல் பாதியாகக் குறைகிறதே, அந்த நிம்மதிக்குக் காசு கொடுக்கலாம்.

வடசென்னையில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகள் சின்னவை. ஒரு ஹால், ஒரு சமையலறை, அதற்குள் நான்கைந்து பேர். தெருவும் குறுகல். கார் வைத்திருப்பவர்களில் நிறைய பேருக்கு நிறுத்த இடமே கிடையாது. முனையிலோ, கோவில் மதில் ஓரமோ, தெரிந்தவர் கடை வாசலிலோதான் விடுகிறார்கள். இடம் இல்லாதவர்கள் எதற்காகக் கார் வாங்குகிறார்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. இடம் இல்லாததால்தான் வாங்குகிறார்கள் என்று நான் சொல்வேன். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண் பம்பர் வேலைக்கு வண்டி கொண்டுவந்திருந்தார். முன் இடது சீட்டு மட்டும் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, சாய்த்து வைத்திருந்தது. வேலைக்காக நகர்த்தப் போனேன். "அத மட்டும் மாத்தாதீங்கண்ணா. வீட்ல பேச எடமே இல்ல. கதவ சாத்திக்கினு இதுல உக்காந்துதான் எங்கம்மாகிட்ட பேசுவேன்" என்றார். வண்டி ஓடவே வேண்டாம், நின்றால் போதும். பொதுத் தேர்வு நேரத்தில் பையன் காருக்குள் உட்கார்ந்து படிக்கிறான் என்று சொன்ன வீடும் எனக்குத் தெரியும்.

எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு உட்காருகிற இடம் கார். எதிரெதிரே உட்கார்ந்தால் பேச முடியாததைக்கூடச் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசிவிடலாம். அப்பாவும் மகனும் பேசிக்கொள்கிற ஒரே இடம் கார்தான் என்று எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் எல்லாம் தண்ணீரில் நின்றபோது பட்டறைக்கு வந்த வண்டிகளை மறக்க முடியாது. சீட் வரைக்கும் சாக்கடை கலந்த வெள்ளம் ஏறிய வண்டிகள். அப்படிப்பட்ட வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும். இன்சூரன்ஸ்காரர்களின் கேள்வி என்ஜினைப் பற்றி இருக்கும். குடும்பத்தோடு வந்தவர்கள் கேட்டது வேறு. "அந்த வாடை போயிடுமா?" கிட்டத்தட்ட எல்லாரும் இதையே கேட்டார்கள். கார்பெட்டுக்கு அடியில் பஞ்சு மாதிரி ஒரு படுகை இருக்கும். மேலே காய்ந்தாலும் அதில் தண்ணீர் தங்கி நாறும். சீட், கார்பெட், படுகை எல்லாவற்றையும் எடுத்து, அலசி, வெயிலில் போட்டு, தரைத் தகட்டைத் துடைத்துத் துருத் தடுப்பு அடித்தோம். படுகையைப் பல வண்டிகளில் மாற்றவே வேண்டியிருந்தது. ஒரு கால் டாக்ஸி டிரைவர் சேறு படிந்த டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைத்தான் முதலில் எடுத்துக் கழுவிக் கொடுக்கச் சொன்னார். வண்டி அவருக்குச் சோறு போடுவது. என்றாலும் மீட்டர், என்ஜின் எல்லாம் அப்புறம்தான்.

அந்த வாடைக் கேள்வியிலிருந்துதான் புதுக்கார் வாசனை எனக்குப் புரிந்தது. அது பிளாஸ்டிக்கும் பசையும் சீட்டுத் துணியும் விடுகிற ஆவி. சில மாதங்களில் மங்கிவிடும். அதைக் காப்பாற்றத்தான் சீட்டின் பாலித்தீன் உறையைக் கிழிக்காமல் கோடைக்காலம் முழுக்க வியர்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். இன்னும் வேறு யாரும் வாழாத இடம் என்பதற்கு அந்த வாசனைதான் சான்று. வாடகை வீடு மாறி மாறி, முன்னால் இருந்தவர்கள் அடித்த ஆணியிலேயே காலண்டர் மாட்டிப் பழகியவர்களுக்கு அது பெரிய விஷயம்.

என் வேலை வெளிப்பூச்சு என்பதால் அதைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கம்பெனியில் அடித்து வருகிற மொத்தப் பூச்சும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். அதற்குள் பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் அடக்கம். மெட்டாலிக் நிறத்தில் பொடிப்பொடியாக அலுமினியத் துகள் கலந்திருக்கும். அந்தத் துகள் படிகிற சாய்வு மாறினாலே நிறம் மாறித் தெரியும். அதனால் சில்வர் வண்டியில் ஒரு கதவை மட்டும் அடித்தால் கோடு வெட்டினாற்போல் தெரியும். பக்கத்துப் பாகத்திலும் கொஞ்சம் மங்கலாக இழுத்துவிட வேண்டும். பழைய வண்டிக்கு நிற எண்ணை வைத்துக் கலந்தாலும் பொருந்தாது. எங்கள் ஊர் உப்புக்காற்றிலும் வெயிலிலும் வெளுத்த நிறத்துக்கு நிகராகக் கலக்க வேண்டும். அதை டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யக்கூடாது, வெளியே வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவும் செய்து கொடுத்த பிறகு, பின் கண்ணாடியில் இருந்த மகள் பெயர் ஸ்டிக்கர் எங்கே என்று கேட்பார்கள். கண்ணாடி உடைந்து மாற்றிய வண்டியாக இருந்தால், அதே எழுத்தில் புது ஸ்டிக்கர் வெட்டி ஒட்டித்தான் வண்டியை வெளியே விடுவோம்.

அம்பாசடரும் மாருதி 800-ம் தயாரிப்பு நின்றது ஒரே வருடத்தில், 2014-ல். ஒன்று கனத்த தகடு, இன்னொன்று அதற்கு நேர் எதிர். இரண்டையும் தொட்டு வேலை பார்த்திருக்கிறேன். இரண்டிலும் இடது பின்கதவு ஒரே மாதிரிதான் தேய்ந்திருந்தது.

எந்த வண்டி வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்குக் கம்பெனி பெயர் எதுவும் சொல்வதில்லை. இப்போது எல்லாரும் உயரமான வண்டியாகப் பார்த்து வாங்குகிறார்கள், அப்புறம் எங்களிடம் வந்து ஏறுவதற்கு ஃபுட்ஸ்டெப் பொருத்துகிறார்கள். ஷோரூமுக்குப் போகும்போது வீட்டில் மூத்தவர் யாரோ அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். இடது பின்கதவைத் திறந்து அவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். எதைப் பிடித்து எழுந்திருக்கிறார் என்று பாருங்கள். டெஸ்ட் டிரைவ் அப்புறம் போய்க்கொள்ளலாம்.