கடல் பார்த்த அலுவலகம், மூடியே கிடக்கும் திரைச்சீலை

கொழும்பு காலி வீதியில் மேற்கே கடலைப் பார்த்த அலுவலகங்களுக்குப் பின்னேரம் மூன்று மணிக்கு மேல் போய்ப் பாருங்கோ. திரைச்சீலை முழுக்க மூடியிருக்கும், உள்ளே எல்லா லைற்றும் எரியும். வெளியே அவ்வளவு வெளிச்சம் வீணாகப் போவது உண்மையிலேயே கவலையான விசயம்.

கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சூரியன் உச்சிக்குக் கிட்ட நிற்பதால் நடுப்பகல் வெயிலைத் தடுப்பது இங்கே சுலபம். 1.2 மீற்றர் உயர யன்னல் தெற்கே பார்த்தால் டிசெம்பருக்கு 70 சென்ரிமீற்றர் சன்சேட் போதும். வடக்கே பார்த்தால் யூனுக்கு அதில் பாதி. அதே யன்னல் மேற்கே பார்த்தால், தாழ்வாகச் சாய்ந்து வரும் நாலு மணி வெயிலை மறைக்க 2 மீற்றர் அளவில் வேணும். யார் கட்டுவார்? அங்கே யன்னலுக்கு வெளியே சாய்வான தகடுகள்தான் வழி. உள்திரை கண் கூச்சத்தைக் குறைக்கும், ஆனால் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி ஏற்கெனவே உள்ளே வந்துவிடும்.

கணினி மேசையில் 500 லக்ஸ் (விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது வழக்கமான அளவு. வெளிச்சம் அளக்கும் கருவி 500 காட்டியும் கண் கூசலாம். அது மேசையில் விழும் ஒளியைத்தான் அளக்கிறது, கண்ணுக்குள் வருவதை அல்ல. யன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்புங்கோ. முதுகுப்பக்கம் இருந்தால் கணினித் திரையில் யன்னல் தெரியும். முன்னால் இருந்தால் வானத்தின் பிரகாசத்தில் எழுத்து மங்கும்.

புதிதாக வயரிங் செய்பவர்கள் லைற் வரிசைகளை யன்னலுக்குச் சமாந்தரமாகப் பிரித்து, வரிசைக்கு ஒரு சுவிச் வையுங்கோ. குறுக்காக இழுத்தால் யன்னலோர லைற்றை மட்டும் அணைக்க முடியாது.