கேசினோ வாசலைத் தாண்டி ஒரு மக்காவ்

சீனாவின் தென்கரையில், ஹாங்காங்குக்குப் பக்கத்தில் இருக்கும் மக்காவ் என்றாலே சூதாட்டம்தான் என்று நம் ஊரில் பதிந்துபோயிருக்கிறது. சாந்தோமிலிருந்து அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு நான் போனது வேறு காரணத்துக்காக. அம்மா மணப்பாட்டில் பிறந்தவர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய குகை அந்த ஊர்க் கடற்கரையில்தான் இருக்கிறது. அவரே 1545-இல் மயிலாப்பூருக்கு வந்து, தோமையார் கல்லறையில் சில மாதங்கள் ஜெபித்துவிட்டுக் கிழக்கே கப்பலேறினார். சீனாவுக்குள் நுழையக் காத்திருந்தபோது, 1552-இல் குவாங்டாங் கரைக்கு எதிரே ஒரு தீவில் இறந்துபோனார். உடல் கோவாவில் இருக்கிறது. கை எலும்பு ஒன்று மக்காவில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை.

நமக்கு ஹாங்காங் வழியாகப் போவதுதான் தோது. மக்காவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் 30 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் ஹாங்காங்குக்குக் கிளம்பும் முன்பே இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அங்கிருந்து படகிலும் போகலாம், 2018-இல் திறந்த 55 கிலோமீட்டர் கடல் பாலத்தில் பேருந்திலும் போகலாம். அம்மாவுக்குப் படகு ஒன்றும் புதிதில்லை, ஆனாலும் பாலம்தான் வேண்டும் என்றார். நடுக்கடலில் பாலம் சுரங்கத்துக்குள் இறங்கி மறுபடி மேலே ஏறுகிறது. அதற்காகவே பகலில் போங்கள்.

பழைய நகரத்தின் நடுவில் செனாடோ சதுக்கம். தரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சிறு கற்களை அலை அலையாகப் பதித்திருக்கிறார்கள். மஞ்சள் சுவரும் பச்சை ஜன்னலுமாக சாமிநாதர் (புனித டோமினிக்) ஆலயம் பக்கத்திலேயே நிற்கிறது. போர்த்துக்கீசியர் இங்கே குடியேறியது 1557-இல். அதற்கு முன்பே நம் மயிலாப்பூரில் அவர்கள் இருந்தார்கள். லஸ்ஸில் இருக்கும் காட்டுக்கோயில் கல்வெட்டில் 1516 என்று இருக்கிறது. அந்தக் கோயில் மணியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சதுக்கம் வெளியூராகவே தோன்றாது. இந்தப் பழைய நகரத்தை யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெரும்பாலான இடங்களுக்கு நுழைவுச்சீட்டும் கிடையாது.

அங்கிருந்து கடைத்தெரு வழியாக மேலே ஏறினால் செயின்ட் பால் ஆலயத்தின் முகப்பு. 1640-இல் கட்டி முடித்த பெரிய கோயில். 1835-இல் புயலின்போது பிடித்த தீயில் மற்றதெல்லாம் போய், முன்சுவர் மட்டும் மிஞ்சியது. எல்லோரும் படியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தச் சுவரைக் கீழிருந்து மேலாக நிதானமாகப் படிக்க வேண்டும். சொந்த நாட்டில் வாழ முடியாமல் தப்பி வந்த ஜப்பானியக் கிறிஸ்தவர்களும் உள்ளூர்ச் சிற்பிகளும் செதுக்கியது அது. ஒரு பக்கம் போர்த்துக்கீசியப் பாய்க்கப்பல். இன்னொரு பக்கம் ஏழு தலைப் பாம்பின் மேல் மாதா நிற்கிறாள். அருகில் சீன எழுத்தில் விளக்கம். அம்மா வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊர்க் கோயில்ல செதுக்குன மாதிரியே கப்பல் வச்சிருக்கான் பாரு எய்யா" என்றார். சுவருக்குப் பின்னால் நிலவறையில் ஜப்பானிலும் வியட்நாமிலும் கொல்லப்பட்ட மறைசாட்சிகளின் எலும்புகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். முகப்பை ஒட்டியே நாச்சா என்ற சீனச் சாமிக்கு ஒரு சின்னக் கோயிலும் இருக்கிறது. ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளாமல் நூறு வருஷத்துக்கும் மேலாக அடுத்தடுத்து நிற்கிறார்கள்.

பக்கத்து மோன்தே கோட்டை மேலே பீரங்கி வரிசை. 1622-இல் மக்காவைப் பிடிக்க வந்த டச்சுக்காரர்களை இங்கிருந்துதான் சுட்டு விரட்டினார்கள். பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே டச்சுக் கம்பெனிதான்.

சூசையப்பர் குருமடத்துக் கோயிலுக்குக் கூட்டம் வருவதில்லை. 1758-இல் முடித்த கட்டடம். தெருவிலிருந்து அகலமான கற்படிகள், மேலே மஞ்சள் முகப்பு, உள்ளே வட்டமான விதானம். பீடத்துப் பக்கம் கண்ணாடிப் பேழையில் சவேரியாரின் கை எலும்பு. அம்மா செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். அங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை, ஆனால் மணப்பாட்டுப் பழக்கம் அது. முட்டி போட முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். "இந்தக் கையாலதான எங்க தாத்தனுக்குத் தாத்தனுக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்தாரு" என்று மெதுவாகச் சொன்னார். நான் பயணம் போன இடங்களில் இதைவிட நிறைவான ஒரு காலைப்பொழுது இல்லை. பக்தி இல்லாதவர்களும் இங்கே போகலாம். தமிழ்நாட்டுக் கடற்கரையும் இந்த ஊரும் ஒரே கப்பல் பாதையில் இருந்தவை என்பது நூல்களில் படிப்பதைவிட அங்கே நன்றாக விளங்கும்.

அங்கிருந்து தெற்கே தெருத்தெருவாக நடந்தால் ஆ-மா கோயில் வரை போகலாம். வழியில் 1869-இல் கட்டிய, மாண்டரின் வீடு என்ற பழைய சீன வீட்டைப் பாருங்கள். முற்றம் வைத்த வீடுகள் பிடித்தவர்கள் அங்கேயே நின்றுவிடுவீர்கள். அதைத் தாண்டியதும் வளைவு வளைவான வராந்தாவோடு ஒரு கட்டடம். மக்காவ் காவல் படைக்குத் துணையாகக் கோவாவிலிருந்து வந்த இந்தியச் சிப்பாய்கள் தங்குவதற்காக 1874-இல் கட்டியது. கடலைப் பார்த்த அந்த வராந்தாவில் நம் ஆட்கள் நின்றிருப்பார்கள் என்று நினைக்கையில் எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆ-மா கடலோடிகளின் தெய்வம். போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் கோயில். பாறைச் சரிவில் படிப்படியாகச் சன்னதிகள். மேலே நாள்கணக்கில் எரியும் ஊதுவத்திச் சுருள்கள் தொங்குகின்றன. வாசலருகே ஒரு பாறையில் பாய்மரப் படகைச் செதுக்கி வண்ணம் பூசியிருக்கிறார்கள். கடலுக்குப் போனவர்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று கும்பிடும் சாமி என்று நான் சொன்னதும் அம்மா, "அப்ப இவளும் நம்ம மாதா மாதிரிதான்" என்று கைகூப்பினார்.

சாப்பாட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மக்காவுக்கே உரிய சமையல் ஒன்று உண்டு. கோவா, மலாக்கா, ஆப்பிரிக்கா என்று போர்த்துக்கீசியர் போன இடமெல்லாம் சேர்ந்த கைப்பக்குவம்: மஞ்சள், தேங்காய்ப்பால், புளி எல்லாம் உண்டு. 'ஆப்பிரிக்கன் சிக்கன்' கேளுங்கள். தேங்காயும் மிளகாயும் போட்ட அந்தக் குழம்புக்கு என் மனைவி கூடுதலாகச் சோறு வாங்கிப் பிசைந்து சாப்பிட்டாள். சைவக்காரர்களுக்குக் கொஞ்சம் சிரமம். புத்தர் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களைத் தேடிக்கொள்ளுங்கள்.

கேசினோ விடுதிகள் இருக்கும் கோட்டாய் பக்கமும் ஒரு மாலை போனோம். கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். செயற்கைக் கால்வாயில் படகு, பாதி அளவில் ஓர் ஈபிள் கோபுரம். குழந்தைகளுக்குப் பிடிக்கும், எனக்கு ஒரு மணி நேரத்தில் போதும் என்றாகிவிட்டது. 21 வயது ஆகாதவர்களைச் சூதாட்டக் கூடத்துக்குள் விடமாட்டார்கள், ஆனால் கடைகளையும் கால்வாயையும் சுற்றிப் பார்க்கத் தடை இல்லை.

அதற்குப் பதிலாகக் கொலோவான் கிராமத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள். தெற்குக் கோடியில் இருக்கிறது, நகரப் பேருந்தே போகும். 1928-இல் கட்டிய குட்டி சவேரியார் கோயில் அங்கே இருக்கிறது. முன்னால் கடல், எதிர்க்கரையில் சீனா. ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர் 1989-இல் தொடங்கிய பேக்கரியும் இங்கேதான்; ஊரே கொண்டாடும் முட்டை டார்ட் அங்கே சூடாகக் கிடைக்கும். காலையில் சீக்கிரம் போனால் வரிசை இருக்காது. ஹாங்காங் டாலரையே எங்கும் வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் பேருந்தில் மீதிச் சில்லறை தரமாட்டார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களைக் கூட்டிப்போனால் மேட்டுத்தெருக்களைக் காலையில் முடித்துவிடுங்கள், மதியத்தில் புழுக்கம் சென்னையைப் போலவேதான் இருக்கும்.