அரைப்பேர்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு வந்து, மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுவையில் சொன்ன கிலோவைக் காட்டினால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். மலையகத்தில் இருந்துகொண்டு எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தச் சொல்லைத்தான் காட்டுவேன். ஒரு மனுசியின் முழு நாளும் ஒரு கட்டத்துக்குள் ஒரு கோடாக முடிந்துவிடுகிறது. அந்தக் கோட்டைப் போடும் பேனாவும் அவள் கையில் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்களைப் பற்றி எழுதப்பட்ட பழைய தாள்களில் ஒன்று ஒரு கடன் சீட்டு. 'துண்டு' என்று பெயர். இவ்வளவு கடனைக் கட்டிவிட்டால் இந்த ஆட்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு தோட்டம் மற்றத் தோட்டத்துக்கு எழுதிக் கொடுப்பது. 1921இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, நம் ஆட்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் விழுந்தது எந்தத் தாளிலும் இல்லை. இன்றைக்கும் ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, செக்ரோலில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. வேலையிலிருந்து நின்று, சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதியை எடுக்கப் போகும்போதுதான் ஓர் எழுத்தின் விலை தெரியும்.

இந்தக் கோபம் எழுத வைக்கும். ஆனால் கோபம் மட்டும் இருந்தால் நாலாவது கதையிலேயே எழுத்து நின்றுவிடும். மழை, அட்டைக்கடி, ஒழுகும் காம்பரா, ஏசும் கணக்கப்பிள்ளை என்று அதே நாலு சாமானையும் மாற்றி மாற்றி அடுக்குவோம். வாசிப்பவர் பாவப்படுவார், புத்தகத்தை மூடுவார். எழுத்தில் நீடிக்க வைப்பது வேலையின் நுணுக்கமும் பேச்சின் நுணுக்கமும்தான்.

கவ்வாத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடியை வெட்டுவார்கள், தோட்டம் இருக்கும் உயரம் கூடக்கூட இடைவெளியும் கூடும். வெட்டு சாய்வாக, பிளவில்லாமல் விழ வேண்டும். பிளந்தால் தண்ணீர் தங்கி அந்தக் கிளை உள்ளே அழுகிப்போகும். 'அவன் கவ்வாத்து வெட்டினான்' என்று எழுதுவதோடு நின்றால் அது தகவல். கத்தி மழுங்கிய நாளில் கிளை பிளந்ததையும், பின்னால் வந்த கங்காணி ஒன்றும் சொல்லாமல் அந்தச் செடியைத் தொட்டுப் பார்த்ததையும் எழுதினால் அங்கே இரண்டு மனிதர்கள் நிற்பார்கள். வேலை தெரிந்தவர் எழுதியதா, கேள்விப்பட்டவர் எழுதியதா என்பது இப்படிப்பட்ட இடத்தில் பிடிபட்டுவிடும். வெளியூர்க்காரருக்குத் தெரியாமல் போகலாம், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், வாசிப்பவருக்குத் தெரியும். அவர்தான் நம் முதல் வாசகர்.

சொற்களுக்கு அடைப்புக்குறியில் அர்த்தம் போடுவது கதையைக் கெடுக்கும். 'பீலி' என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் விளக்கம் வேண்டாம். பீலியில் தண்ணீர் நூலாக விழுகிறது, ஏழு குடம் வரிசையில் நிற்கிறது, கடைசிக் குடத்துக்காரி பிள்ளைக்காம்பராவுக்குப் போகும் நேரத்தைப் பார்க்கிறாள் என்றால் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கும் விளங்கும். இஸ்தோப்பு, படங்கு, கைக்காசு எல்லாவற்றையும் இப்படியே கொண்டுவரலாம். ஒரு பக்கத்தில் புதுச்சொல் இரண்டுக்கு மேல் போனால் மட்டும் கொஞ்சம் பரவிப் போடுங்கள்.

பேச்சு வழக்கில்தான் அதிகம் பிழை விடுகிறோம். 'போயிருச்சு' என்று முதல் பக்கத்தில் எழுதிய பாத்திரம் பத்தாம் பக்கத்தில் 'போயிடுச்சு' என்கிறது. ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் சொல்லும் பத்துச் சொல்லை முதலிலேயே எழுதி வைத்தால் இது வராது.

பேச்சையும் பாட்டையும் சேகரிக்க 120 பக்க சி.ஆர். கொப்பி, அதாவது கெட்டி அட்டை நோட்டு, ஒன்று போதும். ஜெல் பேனா வேண்டாம், மிஸ்ட் இறங்கும் மாதங்களில் தாள் ஈரம் பிடித்து மை பரவும். போல்பொயின்ட் நல்லது. கொப்பிகளை மூடி இறுகிய பிஸ்கட் டின்னில் வைக்க வேண்டும், சுவரோடு சாய்த்து வைத்த கொப்பி ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சணம் பிடிக்கும். போனில் பதிவு செய்கிறவர்கள் ஒரு மணிநேரப் பேச்சை எழுத்தாக்க நாலு மணிநேரமாவது ஒதுக்குங்கள். அன்றைக்கே தொடங்காவிட்டால் பின்னால் கேட்கும் இருமலும் தப்பு மேளச் சத்தமும் யாருடையது என்று மறந்துபோகும். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தபோது கையடக்கப் போன் ஏது? இவ்வளவு வசதி இருந்தும் நாம் ஒரு அப்பாயியின் தாலாட்டைத் தவறவிட்டால் அதற்குச் சாக்குக் கிடையாது.

பெயரை மாற்றினால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. நூறு குடும்பம் இருக்கும் தோட்டத்து டிவிசனில் யாருடைய வீட்டுக் கதை என்று வாசித்த மறுநிமிடம் தெரிந்துவிடும். தொழிலை மாற்றுங்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றுங்கள், இரண்டு பேரை ஒருவராக்குங்கள். அப்படியும் மறையாத கதையை அந்த வீட்டாரிடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுவதுதான் சரி. அடுத்தவர் கொப்பியில் அரைப்பேராகக் கிடந்தவரை நம் கொப்பியிலும் கேட்காமல் எழுதக் கூடாது.

புத்தகமாக்கும் கட்டம் சிறியது, ஆனால் அங்கேயும் வழுக்கும். பாமினி எழுத்துருவில் தட்டியதை யுனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், 'ஸ்ரீ' உடையும். ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் தாளில் விரல் வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான சரிபார்ப்பு. ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலகத்தில் எடுக்கலாம். விற்றது போக ஒரு பிரதியை, தமிழ் நூல்களை இணையத்தில் சேமிக்கும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுத்து மின்வடிவாக்கச் சொல்லுங்கள். லயத்து அலுமாரியில் கறையான் தின்றாலும் அங்கே இருக்கும்.

மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் ஒரு தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு 2022இல் மறையும்வரை அந்தப் பெயரோடுதான் இருந்தார். அந்தத் தோட்டத்தைப் பார்த்திராத எத்தனையோ வாசகர்களுக்கு அதன் பெயர் தெரியும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வயதானவர்களிடம் போய் 'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்று கேட்காதீர்கள். 'கஷ்டந்தான் சாமி' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். முதல் பேர் எந்த மலையில் விழுந்தது, அன்றைக்குப் பக்கத்து நெரையில், அதாவது பக்கத்துச் செடி வரிசையில், நின்றது யார் என்று கேளுங்கள். மலையின் நம்பர் வரும், பிறகு அந்தப் பக்கத்து நெரைக்காரியின் பெயர் வரும். அதை அவர் சொல்கிற மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள்.